ஐப்பசிக்கு முன்னால் உங்கள் தெருவை வெள்ளத்துக்குத் தயார் செய்வது: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2024 அக்டோபர் 25 அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மதுரையில் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 செ.மீ. மழை கொட்டியது. அன்றைய மொத்தம் 9.8 செ.மீ. செல்லூர், பீ.பீ.குளம், முல்லை நகர், ஆனையூர், கூடல் நகர் என்று வடக்கு மதுரையில் பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வைகை கரையை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் இல்லை அது. நிரம்பிய கண்மாயும் அடைத்த வாய்க்காலும் சேர்ந்து கொடுத்த தண்ணீர்.

வெள்ளம் என்றால் அது கடற்கரை ஊர்களின் கவலை என்று நாம் நெடுநாள் இருந்துவிட்டோம். 2015-இல் சென்னையைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததையும், கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்ததையும் பார்த்தோம். மதுரைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கிற மழையே ஏறத்தாழ 85 செ.மீ.தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 95-இன் கனம் புரியும். காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தங்கும், அந்த ஈரம் மொத்தமாக இறங்குகிற நாட்கள் இனி கூடும், குறையாது. கடலோர ஊரில் அலையேற்றம் வந்தால் முகத்துவாரம் அடைபட்டு மழைநீர் திரும்பும். நமக்குக் கடல் இல்லை, ஆனால் வைகை நிரம்பி ஓடும்போது ஆற்றில் வந்து விழுகிற கால்வாய்களுக்கு இதே கதிதான், வாய் மூழ்கிவிட்டால் தண்ணீர் ஊருக்குள்ளேயே நிற்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மழைநீருக்கு மூன்று வேண்டும்: வர வழி, தங்க இடம், போக வழி. மதுரையில் இந்த மூன்றையும் பழைய கண்மாய் அமைப்பு ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, திறந்து வைப்பதுதான் வேலை. பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் ஒரு தெரு இதில் பெரும்பகுதியைச் செய்துவிட முடியும். ஆவணியில் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம். புரட்டாசி பாதிக்கு மேல் தொடங்கினால் அவசர வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: உங்கள் தெருத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்கிற எந்த ஏற்பாடும் குருட்டாம்போக்குதான். முதலில் ஒரு பெரிய தாளில் உங்கள் பகுதியின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் வருகிற செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்தாலே போதும். அதில் உங்கள் தெருவுக்கு மேலே, அதாவது மேட்டுப் பக்கத்தில், எந்தக் கண்மாய் இருக்கிறது, கீழே எந்தக் கண்மாய் இருக்கிறது என்று குறியுங்கள். இந்த வட்டாரத்தில் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு, வழியாக மறுகால் பாயும், அந்த மறுகால் ஓடையே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால், அப்படியே தொடராகப் போய்க் கடைசியில் ஆற்றில் சேரும். வடக்கே இருக்கிற கண்மாய்களின் தண்ணீர் செல்லூர் கண்மாய்க்கு வந்து பந்தல்குடி கால்வாய் வழியாக வைகைக்குப் போக வேண்டும். தெற்குப் பக்கம் என்றால் கிருதுமால் நதி, நாகமலைப் பக்கம் தொடங்கி நகருக்குள் நுழைந்து போகிறது, இன்று அதைச் சாக்கடை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரைபடத்தில் கண்மாய் இருக்கும், வாய்க்கால் இருக்காது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, வருவாய்த்துறைப் பதிவுகள். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்தால் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டு விவரமும், எல்லையைக் காட்டும் புலப்படமும் கிடைக்கும், நகரச் சர்வே ஆன இடம் என்றால் அதற்கான பதிவைப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று வகைப்படுத்திய எண்களை உங்கள் தாளில் நீலத்தில் வரையுங்கள். சில இடங்களில் அந்த நீலக் கோடு யாருடைய காம்பவுண்டுக்கு உள்ளே போகிறது என்று பார்த்ததும் தெருவில் பேச்சு தடிக்கும். அதைத் தவிர்க்க, பதிவுகளை எடுக்கிறவரை யாரையும் குற்றம் சொல்லாமல் இருங்கள்.

இன்னொரு வழி, வயதானவர்கள். நகரத்துக்குள் வந்துவிட்ட பழைய கிராமங்கள் நிறைய இருக்கின்றன: மாடக்குளம், அவனியாபுரம், ஆனையூர், அனுப்பானடி, ஐராவதநல்லூர். அங்கே வயல் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் போய், "அய்யா, அந்தக் காலத்துல கம்மா நிறைஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். "எங்கப்பா போகும், இப்ப நீங்க வீடு கட்டியிருக்க எடந்தான் மறுகா ஓடை, அந்தப் புளியமரத்துக்குத் தெக்க கலுங்கு இருந்துச்சு" என்று கையை நீட்டிக் காட்டுவார். முடிந்தால் அவரை ஆட்டோவில் ஏற்றி நேரில் கூட்டிப் போய்க் காட்டச் சொல்லுங்கள். கண்மாய் மடையைத் திறந்து மூடிய நீர்கட்டி குடும்பத்தில் யாராவது கிடைத்தால் விடாதீர்கள், ஒரு மதிய நேரம் அவரிடம் பேசினால் எந்த அலுவலகத்திலும் கிடைக்காத விவரம் வரும்.

அப்புறம் நடக்க வேண்டும். மழை பெய்யும்போதே குடையோடு நடப்பது நல்லது. தண்ணீர் எந்த மூலையில் திரும்புகிறது, எந்தச் சிறுபாலத்தின் கீழ் சுழல்கிறது, எங்கே ரோட்டை மேலே ஏற்றிப் போட்டதால் வீடுகள் பள்ளமாகிவிட்டன, ரயில் பாதை குறுக்கே வரும் இடத்தில் பாலக்குழாய் எத்தனை, அதில் எத்தனை அடைத்திருக்கிறது, எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணிநகரம் சுரங்கப்பாதை, கர்டர் பாலம் போன்ற இடங்களில் மழை என்றாலே தண்ணீர் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும், உங்கள் தெருவின் வெளியேறும் வழி அந்தப் பக்கம் என்றால் மாற்று வழியையும் இப்போதே குறித்துவிடுங்கள்.

இரண்டாவது: மட்டம் பார்ப்பது

பலர் இதைச் செய்வதே இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது. செலவும் பெரிதாக இல்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூப் ஒன்று, இரண்டு நீளமான கம்பு, ஒரு அடிக்கோல், ஒரு நோட்டு. டியூபில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், குமிழ் இருந்தால் கணக்கு தப்பும், தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் தெருவில் என்றும் மாறாத ஒரு இடத்தில், உதாரணமாகப் பிள்ளையார் கோயில் படியில், டியூபின் ஒரு முனையைக் கம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் மறு முனையோடு ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போக வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற பிறகு, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். இரண்டு அளவின் வித்தியாசம்தான் மேடு பள்ளம். டியூப் எட்டாத இடத்தில் கடைசியாக அளந்த இடத்தைப் புதிய அடையாளமாக வைத்துத் தொடருங்கள்.

வீட்டு வாசல், சாக்கடை அடித்தளம், தெருவின் கடைசியில் வாய்க்காலில் விழும் இடம், முடிந்தால் கண்மாய்க் கலுங்கின் மேல் விளிம்பு, இவ்வளவும் ஒரே கணக்கில் வந்துவிட்டால் மூன்று விஷயம் வெளிச்சமாகிவிடும். எந்த வீட்டில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது ஒன்று. சாக்கடை எங்கே எதிர்ச்சரிவாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. கட்டியவர் கவனிக்காமல் விட்ட இரண்டு அங்குலம் ஒரு தெருவையே முக்கிவிடும். மூன்றாவதுதான் பெரியது. கலுங்கு விளிம்பு உங்கள் வாசற்படியைவிட உயரத்தில் இருந்தால், கண்மாய் நிறைகிற ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர் உங்கள் தெருப் பக்கம் எதிர்த்து ஏறும். சாக்கடையை எத்தனை முறை தூர்வாரினாலும் இது தீராது. அப்படிப்பட்ட தெருக்கள் அடுத்த பகுதியில் சொல்லியிருக்கிற கண்மாய் வேலையில்தான் முழு மூச்சையும் செலுத்த வேண்டும்.

இந்த எண்களை ஒரே பக்கத்தில் எழுதிப் பொறியாளரிடம் கொடுத்துப் பாருங்கள். "எங்க தெருவுல தண்ணி நிக்குது சார்" என்கிற மனுவுக்கும், "பதினாறாவது வீட்டெதிரே சாக்கடை மூன்று அங்குலம் ஏறுகிறது" என்கிற மனுவுக்கும் கிடைக்கிற பதில் ஒன்றாக இருக்காது.

மூன்றாவது: கண்மாயில் இடம் காலியாக இருக்க வேண்டும்

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், 1 செ.மீ. மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர். ஐம்பது ஹெக்டேர் பரப்புள்ள பகுதியில் அந்த அக்டோபர் மாதிரி 4.5 செ.மீ. விழுந்தால் 2 கோடியே 25 லட்சம் லிட்டர், அதுவும் கால் மணி நேரத்தில். மண் தரையாக இருந்த காலத்தில் அதில் ஒரு பங்கு உறிஞ்சும், ஒரு பங்கு வயலில் தேங்கும். இப்போது எல்லாம் சிமென்ட், பேவர் பிளாக், தார். எந்தச் சாக்கடையும் இதைக் கால் மணி நேரத்தில் கடத்தாது. எங்காவது கொஞ்ச நேரம் தங்கித்தான் போக வேண்டும், அந்த இடம் கண்மாய்.

பழைய காலத்தில் கண்மாயில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே இடம் காலியாகும். நகரத்துக்குள் வந்த கண்மாய்களுக்கு ஆயக்கட்டே, அதாவது பாசனம் பெறும் நிலமே, இல்லை, வயல் எல்லாம் வீட்டு மனை. மடையைத் திறக்க ஆளில்லை, திறந்தால் போக வாய்க்காலும் இல்லை. வருஷம் முழுக்கக் கழிவுநீர் வந்து நிரம்பி, மேலே ஆகாயத்தாமரை படர்ந்து, ஐப்பசி மழை வரும்போது கண்மாய் ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருக்கும். முதல் பெருமழையிலேயே மறுகால்தான். தூர்வாருவதைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசுகிறோம். ஆழப்படுத்திய பள்ளத்தில் சாக்கடை நிற்கிறது என்றால் அந்த ஆழத்தால் வெள்ளத்துக்கு ஒரு பயனும் இல்லை. கலுங்கு மட்டத்துக்குக் கீழே எத்தனை அடி காலியாக இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியவை, இந்த வரிசையில்: கண்மாய்க்குள் விழும் கழிவுநீரைத் திருப்பிவிடுவது, புரட்டாசிக்குள் மடையைச் சரிசெய்து நீர்மட்டத்தை இறக்கி வைப்பது, கலுங்கின் வாயில் அடைத்திருக்கும் மண், குப்பை, முட்புதரை எடுப்பது, மறுகால் ஓடையை ஆறு வரைக்கும் திறப்பது. இதற்கெல்லாம் பிறகுதான் தூர்வாருவது. கலுங்கில் நட்டுவைத்த கற்களுக்கு நடுவே பலகையோ மண்மூட்டையோ வைத்துத் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குகிற வழக்கம் வயலுக்குத் தேவைப்பட்ட காலத்தில் இருந்தது. நகரக் கண்மாயில் இன்று யாராவது அப்படி அடைத்து வைத்திருந்தால் மழைக்கு முன் எடுத்தே ஆக வேண்டும்.

கரையைச் சுற்றி நடைபாதை, விளக்கு, பூங்கா எல்லாம் வருகிறது. மக்கள் வந்து நடந்தால் கண்மாயில் குப்பை கொட்டுவது குறையும், அந்த அளவில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கரையை உள்பக்கம் தள்ளி அகலப்படுத்தி அதன்மேல் நடைபாதை போட்டால் தண்ணீர் நிற்கும் பரப்பு சுருங்கும். வேலை தொடங்கும்போதே வரைபடத்தைக் கேட்டு வாங்கி, பழைய கரைக்கோடு எங்கே, புதியது எங்கே என்று பாருங்கள். கால்வாய்க்குச் சிமென்ட் போட்டு மேலே மூடுகிறார்கள் என்றால் உள்ளே இறங்கி மண் அள்ளுவதற்கு எத்தனை அடிக்கு ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? இங்கேதான் நிறைய பேர் சலித்துப்போகிறார்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேல் ஆயக்கட்டு இருந்த கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம் இருந்திருக்கும், நகரம் விரிந்தபோது சில மாநகராட்சிக்கு வந்தன. தெருச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி. பெரிய ரோட்டுச் சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறை. தண்டவாளத்துக்குக் கீழே போவது ரயில்வே. உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு அடைப்புக்கும் பக்கத்தில் துறையின் பெயரை எழுதிவிட்டு, துறைக்கு ஒரு மனுவாகப் பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது ஒருவருடைய வேலையாகவும் ஆகாது.

மனுவைத் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம். மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் பகுதி சபா என்று ஒன்று உண்டு, கவுன்சிலர் கூட்டும்போது போய் உட்கார்ந்து, மழைக்கால வேலைகளைத் தீர்மானமாக எழுத வையுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்: இந்தக் கண்மாயின் முழுக் கொள்ளளவு எவ்வளவு, கலுங்கின் நீளம் என்ன, கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவு. இது ஆவணிக்கு முன்பே அனுப்ப வேண்டிய கடிதம். ஆக்கிரமிப்பு விஷயத்தில் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஆனால் ஓடையில் குடிசை போட்டிருக்கிற ஏழைக் குடும்பங்களை மட்டும் எடுத்துவிட்டுப் பெரிய கட்டடங்களை விட்டுவிடுகிற வேலைக்கு உங்கள் மனு கருவியாகிவிடக் கூடாது. மாற்று வீடு கொடுத்த பிறகே எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். அந்தக் குடும்பங்கள்தான் வெள்ளத்தில் முதலில் மூழ்குகிறவை.

கண்மாய் வேலையில் பழக்கமுள்ளவர்கள் உதவி வேண்டுமென்றால் மதுரையிலேயே தலைமையிடம் கொண்ட தானம் அறக்கட்டளை பல காலமாக வயலகம் என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளோடு வேலை செய்கிறது, அவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

நான்காவது: தெருச் சாக்கடை

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்கு முன் ஒரு முறை, தீபாவளிக் குப்பை சேர்ந்த பிறகு ஒரு முறை வாரச் சொல்லுங்கள். அள்ளிய மண்ணை அன்றே லாரியில் ஏற்ற வேண்டும், கரையில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அத்தனையும் உள்ளேதான் போகும். சாக்கடைமேல் படி கட்டியிருக்கிறவர்கள் தூக்கி எடுக்கக்கூடிய பலகைக்கல்லாக மாற்றிக்கொள்ளட்டும். சாக்கடைக்குள் ஆளை இறக்காதீர்கள், பாதாளச் சாக்கடை மூடியை நீங்களாகத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் தெரு முழுக்க நிறுத்தியாக வேண்டும்: மாடி மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பது. அது கழிவுநீருக்கு மட்டும் அளவெடுத்துப் போட்ட குழாய். ஆயிரம் சதுர அடி மாடியில் 4.5 செ.மீ. மழைக்குச் சுமார் 4,200 லிட்டர் இறங்கும், நூறு வீடு இப்படி விட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு மலநீர் பள்ளத்து வீட்டுக்குள் வரும். மேட்டு வீட்டுக்காரருக்கு இது தெரியவே தெரியாது.

ஐந்தாவது: வீடு

மாடித் தண்ணீரை வேறெங்கே விடுவது? மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம், பெரும்பாலான வீட்டில் குழாயும் தொட்டியும் இருக்கும், ஆனால் உள்ளே மண் கட்டிக்கிடக்கும். தொட்டியைத் தோண்டி ஜல்லியை எடுத்துக் கழுவி மறுபடி போடுங்கள். பயன்படாத கிணறு இருந்தால் வடிகட்டி வழியாக அதில் விடுங்கள், அதைவிடச் சிறந்த வழி இல்லை. கண்மாய் உள்வாயில், அதாவது முன்பு தண்ணீர் நின்ற பரப்பில், எழுந்த குடியிருப்புகளில் மேலே வண்டலும் களிமண்ணுமாக இருக்கும், அங்கே மூன்றடிக் குழி வெட்டினால் தண்ணீர் இறங்காது. களியைத் தாண்டி, கீழே சுக்கான் பாறையோ சரளையோ வருகிற வரைக்கும் துளை போட்டால்தான் உறிஞ்சும். பக்கத்தில் போர் போட்ட ஆட்களிடம் எத்தனை அடியில் எந்த மண் வந்தது என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

வாசலில் மணல்மூட்டை அடுக்குவதைவிட முக்கியமானது கழிவறை. வெளியே தண்ணீர் ஏறினால் அழுத்தம் திரும்பிக் கழிவறைக் கோப்பை வழியாகவும் குளியலறை ஓட்டை வழியாகவும் உள்ளே வரும். வீட்டிலிருந்து பாதாளச் சாக்கடைக்குப் போகிற குழாயில் ஒருவழி வால்வு போட்டுக்கொள்ளுங்கள், தேர்ந்த பிளம்பர் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. அதுவரை அவசரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் பையில் மணலைப் போட்டுக் கட்டிக் கோப்பைக்குள் அமுக்கி வைக்கலாம். வாசலுக்கான மூட்டைகளில் முக்கால் அளவு மட்டும் மணல் போடுங்கள், அப்போதுதான் அமுங்கி இடைவெளியை அடைக்கும், அடியில் ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்குங்கள்.

மின்சாரத்தில்தான் உயிர்ப் பயம். கீழ்த்தளத்துப் பிளக் பாயின்ட்களை நான்கடிக்கு மேலே ஏற்றுங்கள். கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் வீட்டுக்குள் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள், அதைத் தனியாக அணைக்க வேண்டும், பேட்டரியை மேசை உயரத்தில் வையுங்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு சுவிட்சைத் தொட வேண்டிய நிலை வருவதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். கேஸ் சிலிண்டர் மிதக்கும், ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுக் கட்டி வையுங்கள். தரைமட்டத் தொட்டியின் மூடியை ரப்பர் வைத்து இறுக்கமாக்கி, வாயைச் சுற்றி ஓரடிக்குச் சுவர் எழுப்பிவிட்டால் குடிநீர் தப்பும்.

பத்திரம், பட்டா, குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் படமெடுத்து டிஜிலாக்கரிலோ வெளியூரில் இருக்கிற உறவினரிடமோ ஒரு பிரதி வைத்துவிட்டு, அசலைத் தண்ணீர் புகாத பையில் மேல் பரணில் வையுங்கள். வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. பாரத் கிருஹ ரக்ஷா என்கிற பொதுவான பாலிசி 2021-இலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் உண்டு, வெள்ளமும் அதில் அடங்கும். வண்டிக்கு எஞ்சின் பாதுகாப்பைச் சேர்த்து எடுங்கள், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஆறாவது: எச்சரிக்கையைப் புரிந்துகொள்வது

வானிலை மையம் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை. மிகக் கனமழை 20.4 வரை. அதற்கு மேல் அதி கனமழை. பொதுவாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வருவது இந்த அளவுகளை ஒட்டித்தான். ஆனால் மேலே சொன்ன அக்டோபர் நாளின் 9.8 செ.மீ. இந்தக் கணக்கில் வெறும் கனமழைதான். கொஞ்ச நேரத்தில் கொட்டியதால்தான் ஊர் மூழ்கியது. அதனால் மதுரைக்கு மஞ்சள் வந்தாலே உங்கள் தெரு தயாராக இருக்கட்டும். இடியோடு வருகிற பிற்பகல் மழைதான் இங்கே ஆபத்து.

வைகைக் கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. செய்தியில் 66 என்று வந்த அன்றே ஆற்றங்கரையில் கட்டியிருக்கிற மாடுகளை மேலே ஏற்றிவிடுங்கள். ஆற்றில் ஆகாயத்தாமரை வந்து தடுப்பணையில் அடைத்தால் யானைக்கல் பக்கம் கரையோரச் சாலையில் தண்ணீர் ஏறும், அந்த நாட்களில் அந்த வழியே வேண்டாம். அணை திறக்காவிட்டாலும் சிறுமலைப் பக்கம் பெய்கிற மழை சாத்தையாறு வழியாக வடக்கே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. டி.என். அலர்ட் செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். எண்களைத் தெருவில் ஒரு சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், கைப்பேசி செத்துப்போன நேரத்தில் அதுதான் உதவும்.

ஏழாவது: மழை நாளன்று யார் என்ன செய்வது

வாட்ஸ்அப் குழு எல்லாத் தெருவிலும் இருக்கிறது. குழுவில் வேலை பிரித்திருக்க வேண்டும். ஒருவர் கண்மாய்க் கலுங்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கரையில் நின்று பார்த்தால் போதும், இறங்கக் கூடாது. ஒருவர் மின்வாரியத்தோடு பேச வேண்டும். இரண்டு பேர் பள்ளத்து வீடுகளுக்குப் போக வேண்டும். டியூபில் அளந்த பட்டியல் இங்கே கைகொடுக்கும், எந்த வீட்டில் முதலில் ஏறும் என்று தெரியும், அந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவரோ, டயாலிசிஸ் செய்பவரோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ இருந்தால் தண்ணீர் தெருவுக்கு வருவதற்கு முன்பே மாடி வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். எந்த மாடி வீடு என்பதை முன்னாடியே பேசி வையுங்கள். "அக்கா, மழை வலுத்தா ராத்திரி எங்க வீட்டுக்கு வந்துருங்க" என்று ஆவணியிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால்தான், அந்த இரவில் அவர் கூச்சப்படாமல் வருவார். வாடகைக்கு இருப்பவர்கள், வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகள், இவர்கள் பெரும்பாலும் குழுவிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களை நேரில் போய்ச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

பழைய மண்சுவர், நனைந்த காம்பவுண்டுச் சுவர் பக்கத்தில் யாரும் நிற்கவோ படுக்கவோ வேண்டாம். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவே ஆளைத் தள்ளும், இரண்டடி என்றால் காரையே நகர்த்தும். சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் தெரிந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

எட்டாவது: வடிந்த பிறகு

சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரிகிற மாதிரி, அடிக்கோலை வைத்து, தேதியோடு. நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் அதுதான் சாட்சி, கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டியல் போகும்போது உங்கள் வீடு விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமான மின்கம்பிகளை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்கிறவரை மெயினைப் போடாதீர்கள்.

தரைமட்டத் தொட்டிக்குள் வெளித்தண்ணீர் போயிருந்தால் முழுதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். குடிக்கிற தண்ணீரை எப்படியும் கொதிக்க வைக்க வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் போய், வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அலமாரிக்கு அடியில், செருப்புக்குள் பாம்பு இருக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டுப்போடாமல், கீறாமல் நேராக அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், மாடியில் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டையும் டயரும் மறுவாரமே காலியாக வேண்டும்.

தெருவில் ஒரு கம்பத்திலோ கோயில் சுவரிலோ வெள்ளம் நின்ற உயரத்துக்குப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதுங்கள். அப்புறம் பழைய வரைபடத்தை எடுத்து, நாம் நினைத்த வழியில் தண்ணீர் வந்ததா, எந்த வீட்டில் முதலில் ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று திருத்துங்கள். தை மாதம் கண்மாய் வற்றத் தொடங்கும்போது கலுங்கையும் மறுகால் ஓடையையும் மறுபடி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, அந்தந்தத் துறைக்கான மனுக்களை அப்போதே கொடுத்துவிடுங்கள். நிதியாண்டு முடிவதற்கு முன் கேட்டால்தான் கோடைக்குள் மதிப்பீடு போட்டு டெண்டர் விட நேரம் இருக்கும், புரட்டாசியில் கேட்டால் பொக்லைன் மட்டும்தான் வரும்.